படம் ஏன் மங்கலாகிறது? புதிதாக கேமரா பிடிப்பவர்களுக்கு

கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால் எடுத்த படமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூன்று அங்குலத் திரையில் எந்தப் படமும் கூர்மையாகவே தெரியும். கணினியில் பெரிதாகத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கண்ணிமை தெரிய வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல், பெயர்ப்பலகை எழுத்துகளில் இரட்டைக் கோடு. உடனே பழி லென்ஸ் மேல் விழும். "கேமராவோடு வந்த லென்ஸ் அப்படித்தான் இருக்கும், வேற லென்ஸ் வாங்கிடுங்க" என்று யாராவது யோசனையும் சொல்வார்கள்.

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மங்கலான படங்களில் பெரும்பாலானவை லென்ஸால் கெடுவதில்லை. உங்கள் கை அசைந்திருக்கும், அல்லது எதிரே இருப்பவர் அசைந்திருப்பார், அல்லது ஃபோகஸ் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கை அசைந்த படத்துக்கு ஃபோகஸ் முறையை மாற்றிப் பயனில்லை. ஃபோகஸ் தப்பிய படத்துக்கு ட்ரைபாட் வாங்கியும் பயனில்லை. எனவே எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைப் படமே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால்.

படத்தைப் பெரிதாக்கி விசாரியுங்கள்

மங்கலாக வந்த ஒரு படத்தைக் கணினியில் திறந்து 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். கேமராவிலேயே பார்ப்பதென்றால் படத்தை ஓடவிட்டு, பூதக்கண்ணாடிக் குறியுள்ள பொத்தானை நாலைந்து முறை அழுத்துங்கள். இப்போது முகத்தை மட்டும் பார்க்காமல் படம் முழுக்க மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.

படத்தில் எங்காவது சிறு வெளிச்சப் புள்ளி இருக்கிறதா? தூரத்து விளக்கு, கண்ணில் தெரியும் ஒளித்துளி, உலோகத்தில் ஒரு பளபளப்பு என்று எதுவானாலும் சரி. அது புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக நீண்டிருந்தால், படத்திலுள்ள எல்லாப் புள்ளிகளும் அதே திசையில் அதே நீளத்துக்கு நீண்டிருந்தால், கை அசைந்திருக்கிறது என்று பொருள். இரவுப் படங்களில் இது இன்னும் தெளிவு. ஒவ்வொரு விளக்கும் ஒரே மாதிரி கிறுக்கலாக விழுந்திருக்கும். அந்தக் கிறுக்கல், ஷட்டர் (கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவு) திறந்திருந்த நேரத்தில் உங்கள் கை போட்ட கோடு.

பின்னால் இருக்கும் சுவர், நாற்காலி எல்லாம் கத்தி மாதிரி கூர்மையாக இருந்து, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் கை அசையவில்லை, ஆள் அசைந்திருக்கிறார். முகம் தெளிவாக இருந்து கை மட்டும் தீற்றலாக இருப்பதும் இதே வகைதான்.

மூன்றாவது வகையில் இழுபட்ட கோடு எதுவும் இருக்காது. முகம் மென்மையாகக் கரைந்திருக்கும், ஆனால் தேடினால் வேறு ஏதோ ஒன்று துல்லியமாக இருக்கும்: காது, சட்டைப் பொத்தான், பின்னாலுள்ள இலை. கேமரா அங்கே ஃபோகஸ் செய்திருக்கிறது.

இவை தவிர இன்னும் இரண்டு உண்டு. படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளிறி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் லென்ஸ் கண்ணாடியில் விரல் ரேகையோ ஈரமோ இருக்கிறது. தோலும் முடியும் தூரிகையால் தேய்த்து விட்டது போலக் குழைந்திருந்தால், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா உணரும் அளவு) அதிகமாகி, அதனால் வந்த புள்ளிகளை கேமரா தானாகவே அழித்திருக்கிறது.

பார்த்து முடித்ததும் அந்தப் படத்தின் விவரத்தையும் திறந்து பாருங்கள். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு), ஐஎஸ்ஓ மூன்றும் படத்தோடேயே பதிவாகியிருக்கும். ஷட்டர் வேகம் 1/15, அதாவது விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு, என்று இருந்தால் விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. 1/1000 இருந்தும் படம் மங்கல் என்றால் கையைக் குறை சொல்ல முடியாது, ஃபோகஸைப் பாருங்கள்.

கண்ணாடியைத் துடைப்பது

இது சுருக்கமான வேலை. முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிடுங்கள். தூசி இருக்கும்போதே துணியால் தேய்த்தால் அந்தத் தூசியே கீறிவிடும். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். திரவம் தேவையென்றால் துணியில் ஒரு சொட்டு விடுங்கள், லென்ஸ் மேல் நேராக விட வேண்டாம். சட்டை நுனி வேண்டவே வேண்டாம்.

குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த வெளிக்கு வந்தால் கண்ணாடியில் பனி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். கேமரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பொறுப்பதே வழி. பையை மூடியபடியே வைத்திருந்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

லென்ஸுக்கு முன்னால் மலிவான பாதுகாப்பு ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா? கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். சில நேரம் குற்றவாளி அதுதான்.

பிடிக்கும் விதம்

வலது கை பிடியைப் பற்றும், ஷட்டரை அழுத்தும். எடையைத் தாங்குவது இடது கையின் வேலை. இடது உள்ளங்கை மேல் பார்த்தபடி லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும். லென்ஸைப் பக்கவாட்டிலிருந்து விரல்களால் கவ்வுவது பார்க்க வசதியாகத் தோன்றினாலும் எடை தாங்காது. இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டி இருக்கட்டும். ஒரு காலை அரை அடி முன்னால் வைத்து நில்லுங்கள். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அப்போது நெற்றியும் ஒரு தாங்கலாகிவிடும். கைகளை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பதுதான் கேமராவை ஆட்டுவதற்கு மிகச் சுலபமான வழி. திரை மட்டுமே உள்ள கேமரா என்றால் கழுத்துப் பட்டையை இறுகும்வரை முன்னால் இழுத்துப் பிடியுங்கள், அந்த இழுவிசையே ஆட்டத்தைக் குறைக்கும்.

அப்புறம் ஷட்டர் பொத்தான். பலர் அதைக் குத்துகிறார்கள். குத்தும்போது கேமராவின் வலது மூலை கீழே இறங்கி ஏறும், அந்த நொடிதான் படமாகிறது. விரல் நுனியைப் பொத்தான் மேல் வைத்து, பாதி அழுத்தி, மூச்சை மெல்ல விட்டு, விட்ட கணத்தில் மீதியையும் அழுத்துங்கள். அழுத்திய விரலை உடனே எடுக்காதீர்கள்.

வெளிச்சம் குறைவான இடத்தில் இன்னொரு தந்திரம் உண்டு. தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் வைத்து மூன்று நான்கு படங்களை ஒரே அழுத்தில் எடுங்கள். அழுத்தும்போதும் விடும்போதும் வரும் அதிர்ச்சி முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பாதிக்கும், நடுவிலுள்ளது தப்பிக்க வாய்ப்பு அதிகம். சுவர், தூண், மேசை எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஷட்டர் வேகம்: கைக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு

ஷட்டர் வேகம் என்பது உள்ளே வெளிச்சம் விழும் நேரம். 1/60 என்றால் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நகர்ந்ததெல்லாம் படத்தில் இழுபடும். இங்கே இரண்டு கணக்கு போட வேண்டும். புதியவர்கள் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

முதல் கணக்கு உங்கள் கைக்கு. லென்ஸின் குவியத் தூரம் (லென்ஸ் மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) எத்தனை மில்லிமீட்டரோ, அதன் கீழ் ஒன்று என்பது பழைய விதி. 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50, 200 மி.மீ. என்றால் 1/200. இது 35 மி.மீ. ஃபிலிம் காலத்து விதி. பெரும்பாலான தொடக்கநிலை கேமராக்களின் சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் தகடு) அந்த ஃபிலிமை விடச் சின்னது. ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பவை அப்படிச் சின்ன சென்சார் அளவுகளின் பெயர்கள். அதனால் நிகான், சோனி, ஃபூஜி ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5 ஆலும், கேனனில் 1.6 ஆலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 2 ஆலும் பெருக்க வேண்டும். 1.5 என்று வைத்தால் 50 மி.மீ.க்கு ஏறக்குறைய 1/80, 200 மி.மீ.க்கு 1/320. ஜூமை இழுக்க இழுக்கத் தேவையான வேகமும் கூடிக்கொண்டே போகும். ஜூமில் 18 மி.மீ.-இல் நன்றாக வந்த படம் 55 மி.மீ.-இல் ஏன் கெட்டது என்பதற்கு விடை பெரும்பாலும் இதில் இருக்கும். இன்றைய 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் பார்த்தால் சின்ன ஆட்டமும் தெரியும். ஆகவே விதி சொல்வதை விட ஒரு மடங்கு கூடுதலாக வைப்பது என் பழக்கம்.

விதி எல்லாருக்கும் பொது, கை அவரவருக்கு வேறு. உங்கள் கையின் எல்லையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அச்சடித்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, உடம்பு அசையாமல் நின்று, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15 என ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து படம் எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்தில் குறைந்தது நாலு படம் தெளிவாக இருக்கும் வேகங்களில் மிகக் குறைந்தது எதுவோ, அதுதான் அந்த லென்ஸில் உங்கள் எல்லை. அதற்குக் கீழே போக நேர்ந்தால் எதையாவது சாய்ந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கணக்கு எதிரே இருப்பவருக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் நகர்கிறார். 1/60 வேகத்தில் எடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் அவர் 2.3 செ.மீ. நகர்ந்துவிடுவார். கண்ணின் அகலத்தில் முக்கால் பங்கு அது. உங்கள் கை பாறையாக இருந்தாலும் அவர் முகம் இழுபட்டுத்தான் தீரும். அதே ஆளை 1/500-இல் எடுத்தால் நகர்வு 3 மில்லிமீட்டர்கூட இல்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் 1/500 தேவையில்லை. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/125 போதும், பேசும்போது கையை வீசுபவர் என்றால் 1/250. குழந்தைகளுக்கு, அவர்கள் சும்மா நிற்பது போலத் தெரிந்தாலும், 1/250-க்குக் கீழே போகாதீர்கள். ஓடி விளையாடும்போது 1/500. விளையாட்டுப் போட்டிகளுக்கு 1/1000. பறக்கும் பறவைக்கு 1/2000 வரை வேண்டும். கேமராவை நோக்கி நேராக வருபவரை விடக் குறுக்கே போகிறவர் அதிகம் இழுபடுவார், தொலைவில் இருப்பவரை விட அருகில் இருப்பவர் அதிகம் இழுபடுவார். நிகானிலும் சோனியிலும் டயலை எஸ் என்ற எழுத்துக்கும், கேனனில் டிவி என்ற எழுத்துக்கும் திருப்பினால் ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்கலாம், மற்றதை கேமரா பார்த்துக்கொள்ளும்.

வெளிச்சம் பற்றாதபோது

வேகத்தைக் கூட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அந்த இழப்பை ஈடுகட்ட இரண்டு வழி: அப்பர்ச்சரை அகலமாகத் திறப்பது, ஐஎஸ்ஓவைக் கூட்டுவது.

ஐஎஸ்ஓ என்றால் புதியவர்களுக்கு ஒரு பயம். கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் என்று படித்திருப்பார்கள். 100-ஐ விட்டு நகராமல், மாலை நேரத்தில் 1/15-இல் கையில் பிடித்து எடுப்பார்கள். வருவது புள்ளியே இல்லாத மங்கல் படம். அதே இடத்தில் ஐஎஸ்ஓ 800 வைத்திருந்தால் வேகம் 1/125-க்கு வந்திருக்கும், படம் பிழைத்திருக்கும். புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம், சின்ன அளவில் பார்த்தால் புள்ளி தெரியவும் தெரியாது. அசைந்த படத்தை அப்படிச் சரிசெய்வது மிகக் கடினம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் யோசிக்கவே வேண்டாம், புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அண்மைக்கால கேமராக்களில் 1600, 3200 எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு முறையும் கையால் மாற்றுவது அலுப்பு. ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டுவிடுங்கள். பல கேமராக்களின் மெனுவில் அதோடு சேர்த்து ஒரு குறைந்தபட்ச ஷட்டர் வேகமும் வைக்க முடியும். அதில் 1/125 அல்லது 1/250 என்று வைத்துவிட்டால், அதற்குக் கீழே இறங்கும் முன் கேமரா ஐஎஸ்ஓவைத்தான் கூட்டும். ஐஎஸ்ஓவின் உச்ச வரம்பை 3200-லோ 6400-லோ நிறுத்துங்கள். மங்கலுக்கு எதிராக ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றச் சொன்னால் இதைத்தான் மாற்றச் சொல்வேன். உங்கள் கேமராவில் அந்த வசதி இல்லையென்றால், வேகத்தை நீங்கள் வைக்கும் எஸ் அல்லது டிவி முறையில் ஆட்டோ ஐஎஸ்ஓவைச் சேர்த்தாலே ஏறக்குறைய அதே பலன்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 18-இல் அதன் அப்பர்ச்சர் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 தான். எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் கை நடுக்கமோ ஜூமால் பெரிதாகத் தெரியும். இருட்டான இடத்தில் ஜூமை விட்டுவிட்டு நாலு எட்டு முன்னால் நடப்பது இரண்டு வகையிலும் லாபம். உண்மையிலேயே ஒரு லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பின்னாளில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பாருங்கள். எஃப் 5.6-ஐ விட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் தரும். அதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த லென்ஸ் ஒரு மங்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவரும்.

ஃபோகஸ் எங்கே போனது?

ஷட்டர் பொத்தானுக்கு இரண்டு கட்டம் உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். பாதியில் நிறுத்தி, பச்சைப் புள்ளியோ சின்ன ஒலியோ வந்த பிறகு மீதியை அழுத்த வேண்டும். ஒரே வீச்சில் அழுத்துபவர்களுக்கு ஃபோகஸ் தப்புவது சகஜம்.

ஆனால் பச்சைப் புள்ளி, "ஃபோகஸ் கிடைத்தது" என்று மட்டும்தான் சொல்லும். நீங்கள் நினைத்த இடத்தில் கிடைத்ததா என்று சொல்லாது. கேமரா வாங்கும்போது அதில் இருக்கும் தானியங்கி முறையில், ஃபோகஸ் புள்ளியை கேமராவே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அது எதைப் பிடிக்கும் தெரியுமா? அருகில் இருப்பதை, அல்லது பளிச்சென்று கோடும் நிறமும் உள்ளதை. முகத்துக்கு முன்னால் ஒரு செடி இருந்தால் செடியைப் பிடித்துவிடும். எனவே ஃபோகஸ் பகுதிக்கான மெனுவில் போய் ஒற்றைப் புள்ளி முறைக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்துப் பாதி அழுத்துங்கள். ஆள் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ள கண். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் தாராளமாக நம்பலாம், ஆட்களைப் படமெடுக்கும்போது அது நம்மை விடச் சுறுசுறுப்பு.

இப்போது அந்த எஃப் 1.8 விவகாரம். அப்பர்ச்சர் அகலமாகும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே வரும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஒருவரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 சென்டிமீட்டர் அளவுதான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கரைந்துவிடும். மூக்கு நுனியில் பட்டுவிட்டால் கண்ணே கரைந்துவிடும். ஒன்றரை மீட்டருக்குப் பின்னால் போனால் அது 6 செ.மீ. அளவுக்குக் கூடும், எஃப் 4-க்கு மாற்றினால் 14 செ.மீ. கிடைக்கும், முகம் முழுதும் அடங்கிவிடும். லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும் என்பதற்காக எப்போதும் அங்கேயே வைத்திருக்க வேண்டியதில்லை.

இதே காரணத்தால், நடுப்புள்ளியில் ஃபோகஸை எடுத்துப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை மாற்றும் வழக்கம் அகன்ற அப்பர்ச்சரில் காலை வாரும். திருப்பும்போது கேமராவுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் ஒன்றிரண்டு செ.மீ. மாறினாலே போதும். எஃப் 8-இல் இது தெரியாது. எஃப் 1.8-இல் ஃபோகஸ் புள்ளியையே நகர்த்திக் கண்ணின் மேல் வைப்பது நல்லது. நின்றபடி எடுக்கும்போது நீங்களே முன்னும் பின்னும் லேசாக ஆடுவீர்கள், அதுவும் கணக்கில் சேரும். பாதி அழுத்தியதும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

குழுப்படத்தில் இரண்டு மூன்று வரிசை இருந்தால் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்து, முன்வரிசையில் நிற்பவரின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். கூர்மையான ஆழம் ஃபோகஸ் புள்ளிக்கு முன்னால் கொஞ்சமும் பின்னால் கூடுதலாகவும் விரியும் என்பதால் பின்வரிசையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஃபோகஸ் முறைகள் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். நிற்பவருக்கு ஒருமுறை பூட்டும் முறை: நிகானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ், கேனனில் ஒன் ஷாட். நகர்பவருக்குத் தொடர்ந்து பின்தொடரும் முறை: ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ. ஓடிவரும் குழந்தையை ஏஎஃப்-எஸ்ஸில் எடுத்தால் பாதி அழுத்திய இடத்தில் ஃபோகஸ் நின்றுவிடும், குழந்தை அதைத் தாண்டி வந்திருக்கும். படத்தில் குழந்தைக்குப் பின்னால் உள்ள தரை மட்டும் கூர்மையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

சில இடங்களில் கேமரா ஃபோகஸ் கிடைக்காமல் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டித் தவிக்கும். வெற்றுச் சுவர், மூடுபனி, இருட்டு, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பொருள், கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் விலங்கு. கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோடு. சட்டைக் காலர், முடி எல்லை, எழுத்து என அதே தூரத்திலுள்ள ஏதாவது ஒரு விளிம்பில் புள்ளியை வையுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே மேலெழும்பும் கண்ணாடி உள்ள கேமராக்களில்) நடுப்புள்ளிதான் திறமையானது, ஓரத்துப் புள்ளி தவித்தால் நடுப்புள்ளிக்கு வந்துவிடுங்கள்.

மிக அருகில் போய்விட்டாலும் ஃபோகஸ் கிடைக்காது. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு. பல 18-55 லென்ஸ்களுக்கு அது 25 செ.மீ., 50 மி.மீ. லென்ஸ்களுக்கு 35 முதல் 45 செ.மீ. இந்தத் தூரம் லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அல்ல, உள்ளே இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. பல கேமராக்களின் மேற்புறத்தில் ஒரு வட்டத்தைக் குறுக்கே கோடு வெட்டும் குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான்.

இன்னும் ஒன்று. பார்க்கும் துளையில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது, ஆனால் படம் நன்றாக வருகிறது என்றால் கேமராவில் கோளாறு இல்லை. துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்வரை அதைத் திருப்புங்கள். பையில் உரசி அது தானாகத் திரும்பிக்கொள்வதும் உண்டு.

அசைவு தடுக்கும் வசதியும் ட்ரைபாடும்

கேனன் ஐஎஸ் என்கிறது, நிகான் விஆர் என்கிறது, சோனி ஓஎஸ்எஸ் என்கிறது. சில கேமராக்களில் சென்சாரே அசைந்து ஈடுகொடுக்கும். எந்தப் பெயரில் இருந்தாலும் வேலை ஒன்று: உங்கள் கை ஆட்டத்தை எதிர்த்திசையில் நகர்ந்து சமன்செய்வது. மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) உதவும் என்று பெட்டியில் போட்டிருந்தால் 1/100 தேவைப்பட்ட இடத்தில் 1/13-இல் கூட எடுக்க வாய்ப்பு உண்டு. பாதி அழுத்தி அரை விநாடி கொடுத்தால் அது நிலைகொள்ளும்.

அது எதிரே இருப்பவரை நிறுத்தி வைக்காது. மண்டபத்துச் சுவரையும் தூணையும் 1/13-இல் எடுக்கலாம், மேடையில் ஆடுபவரை எடுக்க முடியாது. இந்த வசதியை நம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஆட்களை இழுபட எடுப்பவர்கள் நிறைய.

வேகம் மிகவும் குறைந்தால் ட்ரைபாட். தடித்த கால்களை முதலில் நீட்டுங்கள், நடுத்தண்டைக் கடைசியாக, முடிந்தால் தூக்கவே வேண்டாம். அசைவு தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சில லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும். பொத்தானை விரலால் அழுத்தினால் அந்த அதிர்ச்சியே போதும், அதனால் 2 விநாடி டைமரை வையுங்கள். டிஎஸ்எல்ஆரில் உள்ளே கண்ணாடி மேலெழும்பும் அதிர்வு 1/30 முதல் அரை விநாடி வரையான வேகங்களில் படத்தில் தெரியலாம். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, எடுத்தால் கண்ணாடி முன்கூட்டியே மேலே போய்விடுவதால் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

ஃப்ளாஷ் அடித்தால் அதன் வெளிச்சம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான நேரம்தான் இருக்கும், அந்தக் கணமே ஆளை நிறுத்திவிடும். ஆனால் இரவு முகப்பட முறையில் வைத்து ஃப்ளாஷ் அடித்தால் ஷட்டர் அதற்குப் பிறகும் திறந்தே இருக்கும். தெளிவான முகமும் அதைச் சுற்றி ஆவி மாதிரி ஒரு நிழலும் சேர்ந்து விழுவது அதனால்தான்.

சில சில்லறைக் காரணங்கள்

நிலக்காட்சிக்கு எல்லாம் கூர்மையாக வேண்டும் என்று எஃப் 22 வைப்பவர்கள் உண்டு. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதும் லேசாக மென்மையாகிவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 8, எஃப் 11 போதும்.

வெயில் கொளுத்தும் நேரத்தில் தூரத்தில் இருப்பதை டெலிஃபோட்டோ (தூரத்தை அருகில் காட்டும்) லென்ஸால் எடுத்தால் சூடான காற்றின் அலையே படத்தைக் குழப்பும். எந்த செட்டிங்கும் உதவாது. விடியற்காலையில் எடுங்கள், அல்லது அருகில் போங்கள்.

கணினியில் தெளிவாக இருக்கும் படம் பெறுபவரிடம் மங்கலாகப் போய்ச் சேர்ந்தால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கியிருக்கிறது. படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மங்கல் என்றால்

இப்போதுதான் லென்ஸைச் சந்தேகிக்கலாம். அச்சடித்த தாளை நல்ல வெளிச்சத்தில் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில், தாளுக்கு நேர் எதிரே, சாய்வில்லாமல் வையுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 2 விநாடி டைமர். லைவ் வியூவில் நடுவிலுள்ள எழுத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, எழுத்து மிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி ஒரு படம். பிறகு அப்பர்ச்சரை அகலமாகத் திறந்து, பார்க்கும் துளை வழியாகத் தானியங்கி ஃபோகஸில் இன்னொரு படம். இரண்டாவதை மூன்று நான்கு முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிட்டு.

முதல் படம் கூர்மையாக இருந்து, இரண்டாவது வகைப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், அகலத் திறந்த அப்பர்ச்சரின் இயல்பான மென்மையா என்று பார்க்க அதே அப்பர்ச்சரில் லைவ் வியூ ஃபோகஸோடு இன்னொன்று எடுங்கள். அது தெளிவாக வந்தால் டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. சில கேமராக்களின் மெனுவிலேயே ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைத் திருத்தும் வசதி இருக்கும், இல்லாவிட்டால் சேவை மையத்தில் சரிசெய்வார்கள். முதல் படமே ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தால் லென்ஸுக்குள் ஏதோ கண்ணாடி விலகியிருக்கிறது. அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாயால் விளக்கும் வேலை மிச்சம்.